டஸ்ட் என்று எழுதிய மூட்டை

நீலகிரிக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. இங்கே டஸ்ட் என்றால் தூசி கிடையாது. டஸ்ட் என்றால் டீ. அதுவும் ஏப்பை சாப்பையான டீ இல்லை. கால் ஸ்பூன் போட்டாலே டம்ளர் முழுக்கச் சிவந்து, ஒரு வாய் குடித்ததும் குளிர் விட்டுப்போகிற டீ. இலையை அரைத்துக் காயவைத்துச் சலிக்கும்போது கடைசித் தட்டுக்கும் கீழே பொடியாக வந்து விழுவது அதுதான். பஜாரில் எந்தக் கடையிலும் "டஸ்ட் இருக்குதுங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், கால் கிலோவா அரைக் கிலோவா என்றுதான் கேட்பார்கள்.

எமரால்டு என்கிற ஊரில் இருக்கும் தெய்வம்மாவுக்கும் இது அத்துப்படி. உலகத்தில் எல்லாருக்குமே தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டதுதான் வம்பாகப் போயிற்று.

தெய்வம்மாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. சிலோனில் பிறந்து, மூன்று வயதில் அப்பா அம்மாவோடு கப்பல் ஏறி வந்தவர். எமரால்டுக்குப் பக்கத்தில் ஒரு டீ ஃபேக்டரியில், சலிக்கிற ரூமில், இருபத்தேழு வருடம் வேலை பார்த்தார். அந்த ரூமில் நான்கு தட்டுச் சல்லடை மெஷின் ஒன்று இருந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு மரச் சட்டங்கள், ஒவ்வொன்றிலும் கம்பி வலை, மேலே இருப்பதைவிடக் கீழே இருப்பதில் கண் சிறிசு. மோட்டாரில் ஒரு பக்கம் மட்டும் கனத்த சக்கரம் ஒன்று மாட்டியிருக்கும். அது கோணலாகச் சுற்றும், அந்தக் கோணலில்தான் தட்டெல்லாம் ஆடும். கோணலாக இருப்பதாலேயே உருப்படியாக ஒரு வேலை செய்கிற சாமான் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். மேலே டீத்தூளைக் கொட்டினால் லீஃப் ஒரு வாய், மீடியம் ஒரு வாய், டஸ்ட் ஒரு வாய் என்று தனித்தனியாகப் பிரிந்து வரும். தெய்வம்மா மூட்டை பிடித்து, மேலே மையில் ரகத்தை எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"சலிக்கிற ரூமுக்கு வந்தா சலிப்புத்தான் வரும்" என்று கூட இருந்த பெண்கள் சொல்வார்கள். தெய்வம்மாவுக்கு ஒருநாளும் சலித்ததில்லை. அவருக்கு ஆயிரம் கேள்வி. ஆட்டினால் பொடிசு கீழே போவது சரி, பெரிசு ஏன் மேலே ஏறி வருகிறது? கனமானது அடியில் அல்லவா போக வேண்டும்? வீட்டில் ஒரு டம்ளரில் மாவைப் போட்டு, அடியில் புளியங்கொட்டை ஒன்றைப் புதைத்துத் தட்டித் தட்டிப் பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் கொட்டை தலையை நீட்டும். தெய்வம்மா கைகொட்டிச் சிரிப்பார்.

கணவர் பழனியாண்டிக்குக் கேரட் கழுவும் இடத்தில் வேலை. "நானுந்தான் பெரிசு சிறிசுன்னு கேரட்டப் பிரிக்கிறேன். ஒருநாளாச்சும் கேரட்டப் பாத்து ஏன் எதுக்குன்னு கேட்டிருக்கேனா? பேசாம சோத்தப் போடு புள்ள" என்பார்.

போன வருடம் ஃபேக்டரிக்குக் கேமரா வைத்த மெஷின் வந்தது. அது ஒவ்வொரு துணுக்கையும் படம் பிடித்துப் பார்த்தே பிரித்துவிடுமாம். தெய்வம்மாவுக்கு வேலை போயிற்று. மனசு கனத்துப் போய்த்தான் கிளம்பினார், பொய் சொல்வானேன். ஆனால் கிளம்பும்போதும் அந்தப் புது மெஷினின் கண்ணாடிக்குள் குனிந்து, இருட்டில் அதற்கு எப்படித் தெரிகிறது என்று ஆபரேட்டரைக் கேட்டுவிட்டுத்தான் வந்தார். பழைய நான்கு தட்டு மெஷின் பாய்லருக்குப் பின்னால் மழையில் கிடந்தது. தெய்வம்மா மேனேஜரிடம் போய் நின்றார்.

"அத நான் எடுத்துக்கிறேன் சார்."

"எதுக்குமா? விறகுக்கா?"

"இல்லீங்க சார், அரிக்கிறதுக்கு. மா அரிக்க."

சிலோன் பேச்சில் மாவு என்பது மா, சலிப்பது என்பது அரிப்பது. சமவெளியிலிருந்து வந்த மேனேஜருக்கு அது எங்கே தெரியப்போகிறது? அவர் தெய்வம்மாவின் கையைப் பார்த்தார், சொறி சிரங்கு ஏதும் இல்லை. ஒன்றும் விளங்காமல், எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அன்றிலிருந்து எமரால்டில் அதற்கு அரிப்பு மெஷின் என்றே பெயர் விழுந்துவிட்டது.

மாவு எதற்கு என்றால், அதுவும் ஒரு கேள்வியிலிருந்து வந்ததுதான். சுப்பண்ணன் மாவு மில்லில் ராகி அரைக்க வரிசையில் நிற்கும்போதெல்லாம் தெய்வம்மா விழுகிற மாவை விரலில் தேய்த்துப் பார்ப்பார். ஒரே கல்லில் அரைத்த மாவிலேயே ரவை மாதிரி ஒன்று, மணல் மாதிரி ஒன்று, முகப் பவுடர் மாதிரி ஒன்று. டீயைப் பிரிக்கிறோம், இதை ஏன் ஒரே பையில் கட்டிக்கொண்டு போகிறோம்? வீட்டுச் சல்லடையில் சலித்தால் கொரகொரப்பான கப்பி போகும், அதற்குக் கீழே இருக்கிற வித்தியாசம் போகாது.

ஃபேக்டரி ஃபிட்டர் ரொனால்ட் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஸ்பானரோடு வந்தார். கேரட் கழுவும் இடத்தில் ஓரங்கட்டிய மோட்டார் ஒன்றைப் பழனியாண்டி கொண்டுவந்து கொடுத்தார். சுப்பண்ணன் தன் மில்லின் ஒரு மூலையில் இடம் விட்டார். முதல் நாள் ஓட்டிப் பார்த்தார்கள். டீக்குப் போட்ட வலையில் மாவு நிற்குமா? நான்கு தட்டையும் தாண்டி மொத்தமும் கீழே போய் விழுந்தது.

"போட்டது போட்டபடி வந்திருச்சு. நல்லா ஆட்டுது, ஒண்ணும் பிரிக்கல" என்று ரொனால்ட் சிரித்தார்.

வேறு யாராவது என்றால் அதோடு விட்டிருப்பார்கள். தெய்வம்மா விடுவாரா? மலையில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததிலிருந்து ஊட்டியில் துணிப்பை அச்சடிக்கும் கடைகள் பெருகிவிட்டன. அப்படி ஒரு கடை வாசலில் அவர் நின்று பார்த்தார். ஒரு சட்டத்தில் மெல்லிய நைலான் துணியை முரசுத் தோல் மாதிரி இழுத்துக் கட்டி, அதன்மேல் மையை வழித்தார்கள். மை துணிக்குள் இறங்கிப் பையில் எழுத்தாக விழுந்தது. மை இறங்குகிற இடத்தில் மாவு இறங்காதா? மூன்று ரகத் துணியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

தட்டுகளில் இழுத்துக் கட்டியதும் துணி வேலை செய்தது. ஆனால் ஜூன் மாதம் மூடுபனி இறங்கியதும் மாவு ஈரம் பிடித்துத் துணியின் கண்ணையெல்லாம் அடைத்துக்கொண்டது. பத்து நிமிடத்துக்கு ஒருதரம் மெஷினை நிறுத்தி, அடியில் தட்ட வேண்டியிருந்தது. நம் கை தட்டுவதை மெஷினே தட்டிக்கொண்டால் என்ன என்று ஒரு வாரம் யோசித்தார். பிறகு கடைக்குப் போய், பிள்ளைகள் விளையாடும் சின்ன ரப்பர் பந்து இரண்டு டஜன் வாங்கி வந்து, தட்டுக்குத் தட்டு துணிக்கு அடியில், பழைய கம்பி வலைமேல் போட்டார். மெஷின் ஆட ஆடப் பந்துகள் குதித்துக் குதித்துத் துணியைத் தட்டின. மாவு மழை மாதிரி இறங்கியது. பெரிய மாவு மில்களில் இதே வித்தை உண்டு என்று ரொனால்ட் பிற்பாடு போனில் தேடிப் பார்த்துச் சொன்னார். தெய்வம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், தான்தான் முதலில் கண்டுபிடித்ததாக இரண்டு நாள் சந்தோஷப்பட்டிருந்தார்.

இவ்வளவும் சரி, மாவைப் பிரித்து வாங்க ஆள் வேண்டுமே. ராகி அரைக்க வருகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள், மெச்சினார்கள், சலிக்காத மாவையே கட்டிக்கொண்டு போனார்கள். மெஷின் ஓடினால் சுப்பண்ணனின் எண்ணெய் டப்பா தானாகத் தரையில் நடந்தது. ஒருநாள் சுவரில் இருந்த முருகன் படம் ஆணியோடு கீழே வந்தது. சுப்பண்ணனுக்கு அதோடு பொறுமை போய்விட்டது.

"ஏனுங்க தெய்வம்மா, சாமிக்கே பொறுக்கலைங்க. அந்த மூலைக்கு எண்ணெய் ஆட்டற மெஷினு சொல்லி வெச்சிருக்கறேன், வர்ற சனிக்கெழமை வந்துருமுங்க. அதுக்குள்ள யாராச்சும் வாராவாரம் மாவு வேணும்னு கேட்டா இது இங்கயே கெடக்கட்டும். இல்லைன்னா அக்கட்டால தூக்கிருங்க."

அக்கட்டால தூக்கினால் வைக்க இடம் இல்லை. லைன் வீட்டில் இரண்டு பேர் படுப்பதே பெரிய காரியம். வெளியில் போட்டால், ஏற்கெனவே நனைந்த மரம் இன்னொரு மழையில் ஊதிப் போகும். தெய்வம்மாவுக்கு இது நன்றாகத் தெரியும். சனிக்கிழமைக்குள் ஆள் கிடைக்காவிட்டால் மெஷினுக்குப் பழைய இரும்புக் கடைதான்.

வழி சொன்னது ரொனால்ட்தான். குன்னூரில் அவருக்குத் தெரிந்த கெஸியா என்பவர் சின்னதாக பேக்கரி நடத்துகிறார். ராகி பிஸ்கட் போடுகிறார், ஒருநாள் நன்றாக வருகிறது, மறுநாள் உதிர்ந்து போகிறது, காரணம் தெரியவில்லை. தெய்வம்மாவுக்குக் கேட்டவுடனே புரிந்துவிட்டது. ஒருநாள் மாவும் மறுநாள் மாவும் ஒன்றாக இருந்தால்தானே பிஸ்கட் ஒன்றாக வரும்? போனில் பேசி, பார்த்துச் சொல்லட்டும் என்று மூன்று சிறு மூட்டைகளைத் திங்கட்கிழமை காய்கறி வேனில் ஏற்றிவிட்டார். இருபத்தேழு வருடப் பழக்கம், கை தானாக எழுதியது. கப்பிக்கு லீஃப். அடுத்ததற்கு மீடியம். துணியெல்லாம் தாண்டி, பந்தெல்லாம் தட்டி, கடைசியில் பட்டு மாதிரி வந்து விழுந்த ஒன்றாம் நம்பர் மாவுக்கு, ஃபேக்டரியில் எழுதும் அதே கொட்டை இங்கிலீஷ் எழுத்தில், டஸ்ட்.

புதன்கிழமை மில் போனுக்கு அழைப்பு வந்தது. கெஸியாதான். பிஸ்கட் எல்லாம் தட்டிலேயே மணலாகக் கொட்டிவிட்டதாம், இந்த மாவு ஒத்துவராது, மன்னிக்க வேண்டும் என்றார். சுப்பண்ணன் மூலையை ஒருதரம் பார்த்தார், அவ்வளவுதான்.

தெய்வம்மா அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. மெஷின் போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, அந்த மாவில் பிஸ்கட் எப்படி உதிரும் என்ற கேள்வி. உதிரக் கூடாதே! வியாழக்கிழமை விடிந்ததும் ஊட்டி போய் பஸ் மாறி, குன்னூரில் இறங்கினார்.

பேக்கரியில் கெஸியா தட்டோடு பிஸ்கட்டைக் காட்டினார். தெய்வம்மா ஒன்றை எடுத்து உடைத்து, உள்ளே பார்த்தார். விரலில் தேய்த்தார்.

"இதுல கப்பியப் போட்டிருக்கீங்களே! லீஃப் மூட்டை. நைஸ் மா எங்கம்மா?"

கெஸியா உள்ளே திரும்பி, "ஸ்டெபி!" என்றார்.

ஸ்டெபி வந்தாள். தூத்துக்குடிப் பெண், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மூட்டை வந்து இறங்கியபோது கெஸியா சர்ச் கூட்டத்துக்குப் போயிருக்கிறார், இறக்கி வைத்தது ஸ்டெபி. திரும்பி வந்த கெஸியா கைக்கு முதலில் வந்த மூட்டையைப் பிரித்து மாவு எடுத்திருக்கிறார்.

"லீஃப், மீடியம் ரெண்டும் உள்ள இருக்குக்கா. தூசி மூட்டைய மட்டும் கொட்டிட்டேன்."

"எந்தத் தூசி மூட்டை?"

"டஸ்ட்னு எழுதியிருந்துச்சே. மெஷினத் தொடச்ச தூசியத் தெரியாம ஏத்தி விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். பின்னால கோழிக் கூண்டுப் பக்கம்..."

மூன்று பேரும் பின்பக்கம் ஓடினார்கள். பக்கத்து வீட்டுக் கோழிகள் நான்கு நாளாக ராஜபோகத்தில் இருந்தன. மூக்கெல்லாம் மாவு. மிச்சத்தைப் பனி நனைத்துக் களியாக்கியிருந்தது. நீலகிரியிலேயே அவ்வளவு நைஸாக ராகி தின்ற ஜீவன் வேறு இருக்காது.

"கர்த்தாவே!" என்று கெஸியா தலையில் கை வைத்தார். "நாலு நாளா நல்ல மாவக் கோழிக்குப் போட்டுட்டு, கப்பியில பிஸ்கட் போட்டு, இந்தக்கா மாவ வேற வேணாம்னு சொல்லிட்டேனே. ஒனக்கு மூளை இருக்கா? பையக் கட்டிட்டு ஊருக்குக் கெளம்பு!"

ஸ்டெபிக்குக் கண் கலங்கிவிட்டது. தெய்வம்மாவுக்கும் ஆற்றாமைதான், இரண்டு வாரம் சலித்த மாவு அது. ஆனாலும் அவர் கூரைக்கடியில் போட்டிருந்த காலி மூட்டையைக் கையில் எடுத்து, தான் எழுதிய எழுத்தை ஒரு வேற்றாள் மாதிரி படித்துப் பார்த்தார். டஸ்ட். இங்கிலீஷ் தெரிந்த எவருக்கும் அது தூசிதான். இருபத்தேழு வருடத்தில் ஒருநாள்கூட அப்படிப் படித்துப் பார்த்ததில்லையே என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அந்தப் புள்ளய ஏம்மா வையிறீங்க? திங்கிற சாமான் மேல தூசின்னு எழுதி அனுப்புனவ நானு. அவ படிச்சத செஞ்சிருக்கா. என்னயத்தான் வையணும்."

சொல்லிக்கொண்டே மூட்டையை உள்ளே கொண்டுபோய், மேசைமேல் கவிழ்த்து, தையலை நீவி, நான்கு பக்கமும் தட்டினார். மூலை முடுக்கிலிருந்து நான்கு கை மாவு உதிர்ந்தது. "இது போதுமாம்மா, ரெண்டு தட்டுக்கு?"

பிறகு பேக்கரியில் நடந்ததைக் கேட்க வேண்டாம். வெண்ணெய் எவ்வளவு, ஏன் அவ்வளவு, சூடு கூடினால் என்ன ஆகும், சர்க்கரை எதற்கு முதலில் போட வேண்டும் என்று தெய்வம்மா கேட்டுத் துளைத்துவிட்டார். கெஸியா முதலில் எரிச்சலாகத்தான் பதில் சொன்னார். போகப் போக, இதையெல்லாம் தானே யோசித்ததில்லையே என்று அவருக்கும் சூடு பிடித்துவிட்டது. முதல் தட்டு முழுக்க நைஸ் மாவில் போட்டார்கள். உதிரவில்லை, ஆனால் கல் மாதிரி இருந்தது. மூன்று பேரும் ஆளுக்கொன்று கடித்து, பல்லைத் தடவிக்கொண்டார்கள்.

"சரி, அதுல பாதி, மீடியத்துல பாதி போட்டா?" என்றாள் ஸ்டெபி. அழுத முகம் இன்னும் காயவில்லை.

இரண்டாவது தட்டு வந்தது. தெய்வம்மா ஒன்றை எடுத்து ஒடித்தார். சடக்கென்று ஒரே கோடாக உடைந்தது, ஒரு துணுக்குக்கூடக் கீழே விழவில்லை. கெஸியா கண்ணை மூடிக்கொண்டு தின்றார். இன்னொன்று எடுத்தார். மூன்றாவதும் எடுத்தபின் சொன்னார்.

"நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா ஒரு தட்டு பாத்து நான் வாக்கு குடுக்க மாட்டேன். மீதிய நாளைக்குக் கடையில வெச்சு, வாங்குறவங்க என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டுச் சொல்றேன். வாங்கறதா இருந்தா, இனிமே தயவுசெஞ்சு அந்தப் பேர் மட்டும் வேணாம். வேற என்ன பேர் வெப்பீங்க?"

தெய்வம்மா யோசித்தார். நைஸ் என்றால் கடையில் விற்கிற எல்லா மாவும் நைஸ்தான். ஒன்றாம் நம்பர் என்றால் மற்றதெல்லாம் மட்டம் என்று ஆகிவிடும், மீடியம் இல்லாமல் பிஸ்கட்டே இல்லையே. யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஊட்டி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பேர் வைக்காமலே ஓடினார்.

வெள்ளிக்கிழமை முழுக்கக் குன்னூரிலிருந்து போன் வரவில்லை. அடித்ததெல்லாம் கரண்ட் இருக்கிறதா என்று கேட்கிறவர்கள்தான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எண்ணெய் ஆட்டும் மெஷின் பிக்அப் வண்டியில் வந்து வாசலில் நின்றது. சுப்பண்ணன் ஒன்றும் கெட்டவர் இல்லை, சொன்ன சொல் சொன்னதுதான் என்கிற மனிதர். வேண்டாத இடத்தையெல்லாம் துடைத்துக்கொண்டு நின்றார், தெய்வம்மாவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. ரொனால்ட் ஒரு பக்கம், தெய்வம்மா ஒரு பக்கம் உட்கார்ந்து போல்ட்டைக் கழற்றினார்கள். பந்துகளை எடுத்து ஒரு பையில் போட்டபோது தெய்வம்மாவுக்கு அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த போல்ட்டுக்கு நகர்ந்தார். நான்கில் மூன்று வந்துவிட்டது.

போன் அடித்தது. மில் இரைச்சலில் பழகிய காது, சுப்பண்ணன் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"ஐயா, குன்னூர் பேக்கரியில இருந்து ஸ்டெபி பேசுதேன். பிஸ்கட் நேத்து மத்தியானத்துக்குள்ள காலி ஆயிட்டு. வாராவாரம் மீடியம் ரெண்டு மூட்டை, தெய்வம்மா ரெண்டு மூட்டை வேணும்னு கெஸியாக்கா சொல்லச் சொன்னாங்க."

"மீடியம் ரெண்டு. அப்பறம் என்னது ரெண்டு?"

"தெய்வம்மா, ஐயா. நைஸா இருக்குமே, அது. அந்தக்கா பேர் வைக்காமலே பஸ்ஸுக்குப் போயிட்டாங்க. டின்னுல என்ன எழுதன்னு எனக்குத் தெரியல. மறுபடி தப்பா எழுதிறக் கூடாதுன்னு கொண்டாந்தவங்க பேர எழுதி வச்சிட்டேன். இப்ப இங்க எல்லாரும் அரைக் கிலோ தெய்வம்மா எடு, ஒரு கிலோ தெய்வம்மா எடுன்னுதான் சொல்லுதாங்க."

ரொனால்ட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தெய்வம்மா சிரிக்கவில்லை. கணக்கில்லாத மூட்டைகளில் ரகம் எழுதிய கை அது. ஸ்பானரைப் பிடித்தபடி அப்படியே நின்றுபோயிற்று.

சுப்பண்ணன் பிக்அப்காரரைப் பார்த்து, இறக்க வேண்டாம் என்று கையை ஆட்டினார். பிறகு போனைக் கொஞ்சம் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க அம்மிணி, மாவு எத்தன மூட்டை வேணும்னாலும் அனுப்பி வெக்கறனுங்க. தெய்வம்மா எங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதானுங்க இருக்குது. அதைக் குடுக்கறதுக்கில்லீங்க."